நன்றி சொன்னதால் வந்த சீக்கு

1

எங்கள் கம்பெனியில் ஆளுக்கொரு மஞ்சள் நோட்டு கொடுத்தார்கள். வினை அங்கேதான் தொடங்கியது.

நான் இருப்பது நார்வே நாட்டில், பெர்கன் நகரத்தில். வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. மீன் பண்ணைகளுக்குத் தீவனம் அனுப்பும் கம்பெனியில் கம்ப்யூட்டர் தட்டுகிறேன். சொந்த ஊரான மாரியூரில் மீன் எங்களுக்குச் சோறு போட்டது; இங்கே நான் மீனுக்குச் சோறு போடுகிறேன்.

அந்த நோட்டில் முப்பது நாளுக்கு முப்பது பக்கம். தினமும் ஒரு புதிய அனுபவம், தினமும் ஒருவருக்கு நன்றி. இரண்டையும் எழுதி வைக்க வேண்டும். "மனசு லேசாகும், முனி" என்றார் நிர்வாகத்தில் இருக்கும் இங்கர் அம்மாள். என் முழுப்பெயர் முனியசாமி. இவர்கள் சாமியை வெட்டிவிட்டு முனியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். எங்கள் ஊரில் முனி என்று சொன்னால் அடம்பிடிக்கிற பிள்ளை பயந்துபோய்ச் சோறு தின்னும். இங்கே "முனி, காபி மெஷினில் தண்ணீர் ஊற்று" என்கிறார்கள்.

முதல் நாள், கடற்கரையில் பிறந்தவன் என்கிற திமிரோடு ஃபியோர்டு என்று இவர்கள் சொல்லும் மலையிடுக்குக் கடலில் குளிர்காலத்தில் குதித்தேன். குதித்த வேகத்தைவிட ஏறிவந்த வேகம் அதிகம். உடம்பு வெளியே வந்துவிட்டது. குரல் மட்டும் அரைமணி நேரம் கழித்துத்தான் வந்தது. இரண்டாம் நாள் பனிச்சறுக்கு. அதைப் பற்றி நான் எழுத ஒன்றுமில்லை, என் இடுப்பைக் கேட்டால் சொல்லும்.

மூன்றாம் நாள், இந்தப் பக்கத்து விசேஷச் சாப்பாடு. ஆட்டுத்தலையைப் பாதியாகப் பிளந்து, புகை போட்டு, அவித்து, அப்படியே தட்டில் வைக்கிறார்கள். அதைப் பார்த்ததும் நான் மயங்கி விழுவேன் என்று சக ஊழியர்கள் வட்டமாக நின்றார்கள். நான் கண், நாக்கு, காதோரக் கறி எல்லாவற்றையும் வரிசையாக முடித்துவிட்டு, "மூளையைத் தனியாகத் தருவீர்களா?" என்று கேட்டேன். அன்றைக்குப் புதிய அனுபவம் அவர்களுக்குத்தான்.

2

அனுபவங்கள்கூடப் பரவாயில்லை. நன்றியில்தான் மாட்டிக்கொண்டேன்.

இந்த நாட்டில் நன்றிக்குப் பஞ்சமே இல்லை. சாப்பிட்டு எழுந்தால் சமைத்தவருக்கு நன்றி. போன வாரம் பார்த்தவரை இந்த வாரம் பார்த்தால், போன வாரம் பார்த்ததற்கு நன்றி. சாயங்காலம் வேலை முடிந்து கிளம்பினால், இன்றைய நாளுக்கு நன்றி. மழைக்கு மட்டும் யாரும் நன்றி சொல்வதில்லை. அது வருஷம் முழுக்கக் கொட்டுகிறது. ராமநாதபுரம் ஜில்லாக்காரனுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. இதில் கால்வாசியை ஒரு லாரியில் ஏற்றி அனுப்பினால் எங்கள் கண்மாய் நிறைந்துவிடும்.

பத்து வயதாகும் என் மகள் யாழினி இங்கேயே பிறந்தவள். தினமும் சாப்பிட்டு முடித்ததும் அவள் அம்மாவுக்கு நார்வேஜியனில் நன்றி சொல்லிவிட்டுத்தான் நாற்காலியைத் தள்ளுவாள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. குழம்பு நன்றாக இருந்தால் இன்னொரு கரண்டி கேட்பேன். மிக நன்றாக இருந்தால் பேசாமல் தட்டை நீட்டுவேன். எனக்குத் தெரிந்த நன்றி அவ்வளவுதான்.

மஞ்சள் நோட்டுக்காக ஒருநாள் துணிந்து, சாம்பார் சாப்பிட்டு முடித்ததும் மனைவியிடம், "செல்வி, ரொம்ப நன்றி" என்றேன்.

செல்வி கரண்டியைக் கீழே வைத்தாள். "என்ன பண்ணிட்டு வந்திருக்கீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே."

"பரவாயில்ல, நேரா சொல்லிருங்க. காரை எங்கயாச்சும் இடிச்சிட்டீங்களா?"

அந்த அனுபவத்துக்குப் பிறகாவது நிறுத்தியிருக்கலாம். ஒன்பதாம் நாள் மாரியூருக்குப் போன் போட்டேன், முத்துராக்கு அக்காவுக்கு.

அம்மா போனபோது எனக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினெட்டு. அய்யா கடலுக்குப் போவார்; அவர் கொண்டுவந்ததில் விலை போகாத மீனை அக்கா கருவாடு போடுவாள். அதில்தான் நான் படித்தேன். பெண் கேட்டு வந்தவர்களிடம் "தம்பி படிச்சு முடிக்கட்டும்" என்றாள். தம்பி படித்து முடித்தபோது, பெண் கேட்டு வருகிறவர்கள் முடிந்துபோயிருந்தார்கள்.

ராமநாதபுரத்தில் நான் ஹாஸ்டலில் இருந்த காலத்தில் சனிக்கிழமைதோறும் தூக்குவாளியில் குழம்பும் சோறும் எடுத்துக்கொண்டு சாயல்குடியிலிருந்து பஸ் ஏறி வருவாள். அவள் சேலையிலேயே கருவாட்டு வாடை இருக்கும். பையன்கள் கேலி செய்கிறார்கள் என்று, "வாசல் வரைக்கும் வராதக்கா, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லு" என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமையிலிருந்து அந்தப் பக்கம் வெயிலில் நின்றாள். மூன்று வருடம்.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இத்தனை வருடம் ஓட்டியிருந்தேன். கையில் நோட்டு இருந்த தைரியத்தில் மளமளவென்று சொல்லிவிட்டேன். "ஹாஸ்டலுக்குச் சோறு கொண்டாந்தியேக்கா. நான் சொன்னேன்னு ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னியே. எல்லாத்துக்கும் சேத்து நன்றிக்கா."

கடல் இரைச்சலுக்கு மேலே அக்கா குரலை உயர்த்தினாள்.

"ஏலே முனியா, இப்ப எங்கன இருக்க?"

"வீட்லதாங்க்கா."

"படுத்திருக்கியா, ஒக்காந்திருக்கியா?"

"ஒக்காந்திருக்கேன்."

"செரி. அப்படியே ஒக்காந்திரு." போனை வைத்துவிட்டாள்.

நோட்டில் எழுதினேன்: 'அக்கா நெகிழ்ந்துவிட்டாள்.'

3

அதற்கடுத்த வாரம் நன்றியின் மகிமையைக் கண்ணாரக் கண்டேன்.

முதலில் சாயல்குடியில் இருக்கும் சித்தப்பா மகன். வேலித் தகராறில் ஆறு வருடமாக என்னோடு பேச்சுவார்த்தை இல்லாதவன். "அண்ணே, வேலி கெடக்கட்டும்ணே. ஒனக்கு எங்கிட்டு வேணுமோ அங்கிட்டு ஊண்டிக்க. நான் வாயத் தொறந்தா என்னன்னு கேளு" என்றான். குரல் தழுதழுத்தது.

பிறகு பாண்டியம்மா. அக்காவோடு களத்தில் கருவாடு காயப்போடுகிறவர். "தம்பி, வாய்க்கு ருசியா ஏதும் திங்கணும்னு இருக்கா? நண்டு, கணவா, எதுன்னாலும் சொல்லுய்யா. ஆசைய மனசுல வச்சுக்கிட்டு இருக்கக் கூடாது."

பிறகு தொண்டியிலிருந்து என் கல்லூரிச் சிநேகிதன் சாகுல். வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து கடை வைத்திருக்கிறான். "மாப்ள, தொழுகையில ஒனக்காகத் துஆ செய்யிறேன்டா. அல்லா பெரியவன்."

"எதுக்குடா?"

"எல்லாத்துக்குந்தான்டா" என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினான். தொண்டியில் என்ன, அவ்வளவு குளிரா என்று கேட்டேன்.

மனிதர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று நோட்டில் இரண்டு பக்கம் எழுதினேன். இங்கர் அம்மாளிடம் காட்டினேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வார முடிவில் அக்கா கூப்பிட்டாள். "உத்தரகோசமங்கை கோயிலுக்குப் போயிட்டு வந்தேன். மனசுல ஒரு முடிவு பண்ணிட்டேன். நான் ஒங்க ஊருக்கு வாரேன்."

எனக்கு நம்ப முடியவில்லை. பதினோரு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். கருவாடு காய வெயில் போய்விடும் என்பாள். தடைக்காலத்தில் வாயேன், அப்போது மீன் வராதே என்றால், "விசைப்படகுக்குத்தான்டா தடை. நாட்டுப்படகு போகும்ல?" என்பாள். மழைக்காலத்தில் வா என்றால், "மழையிலயா? கூரைய யாரு பாக்க?" என்பாள். அவளை ஒருநாளாவது என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. இப்போது, ஒரே ஒரு நன்றிக்கு, அவளாகவே வருகிறேன் என்கிறாள்!

சித்தப்பா மகனே ராமநாதபுரத்துக்குக் கூட்டிப்போய் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தான். சென்னைக்கும் அவனே கூட்டிப்போய் விசாவுக்கு விண்ணப்பம் போட்டான். நான் இங்கிருந்து அழைப்புக் கடிதம், வீட்டு ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, நானும் அவளும் உடன்பிறந்தவர்கள் என்பதற்கு அத்தாட்சி என்று ஒரு கட்டுக் காகிதம் அனுப்பினேன். வருகையின் நோக்கம் என்ற கட்டத்தில் 'ஊர் சுற்றிப் பார்த்தல்' என்று எழுதினேன்.

4

இரண்டு வாரம் கழித்து விசாப் பிரிவிலிருந்து ஓர் அதிகாரி அம்மாள் போன் செய்தார். பொறுமையான குரல்.

"உங்கள் விண்ணப்பத்தில் ஒரு சிறு முரண்பாடு இருக்கிறது. உங்கள் அக்கா சுற்றிப் பார்க்க வருவதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்."

"ஆமாம்."

"நீங்கள் இறந்துகொண்டிருப்பதாக உங்கள் அக்கா சொல்லியிருக்கிறார். கடைசியாக ஒருமுறை முகம் பார்க்க வேண்டுமாம். எது சரி?"

நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன். அதில் பாதி கடித்த பன் இருந்தது. வேலித் தகராறு, நண்டு, கணவா, சாகுலின் மூக்குறிஞ்சல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்தன.

"நான் அவருக்கு நன்றி சொன்னேன்" என்றேன்.

"நன்றி சொன்னீர்கள்."

"ஆமாம். எங்கள் வீட்டில் அது வழக்கமில்லை."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு இதையெல்லாம் எழுத்தில் தரும்படியும், கூடவே ஒரு மருத்துவரின் சான்றை இணைக்கும்படியும் சொன்னார். விண்ணப்பதாரரும் தன் வாக்குமூலத்தைத் திருத்தித் தர வேண்டும் என்றார்.

டாக்டர் என்னைச் சோதித்துவிட்டு, கொழுப்பு கொஞ்சம் அதிகம், தினமும் நடக்கவும் என்றார். "சாகவில்லை என்று எழுதித் தர முடியுமா?" என்று கேட்டேன். பன்னிரண்டு வருடத்தில் அவர் என்னை அவ்வளவு கவனமாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

கடிதத்தை நானே நார்வேஜியனில் எழுதினேன். பன்னிரண்டு வருடம் பேசிய மொழி என்கிற நம்பிக்கை. யாழினி வாசித்துப் பார்த்தாள்.

"அப்பா, இப்படி எழுதினா நீங்க ஏற்கெனவே செத்துட்டீங்கன்னு அர்த்தம்."

"எந்த வரில?"

"எல்லா வரிலயும்."

அவளே உட்கார்ந்து திருத்தினாள். வீட்டுத் தமிழ்ப் பாடத்தில் நான் அவளுக்குப் போட்ட சிவப்பு மைக்கெல்லாம் அன்று பதில் கிடைத்தது.

ஆனால் மிச்சமிருந்த வேலைதான் பெரிது. அக்காவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால், 'அப்படியா, நல்லா இரு' என்று சொல்லிவிட்டுக் களத்துக்குப் போய்விடுவாள். இந்த ஜென்மத்தில் கிளம்ப மாட்டாள். சொல்லாவிட்டால் விசா கிடையாது. அதோடு, அவள் அங்கே சோறு இறங்காமல் கிடக்கிறாள் என்று பாண்டியம்மா வேறு சொன்னார். இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். நான் செய்த கணக்குகளிலேயே கேவலமானது அந்த இரண்டு நாள்.

5

"அக்கா, எனக்கு ஒரு சீக்கும் இல்லக்கா."

"அப்படித்தாஞ் சொல்லுவ."

"சத்தியமா."

"செல்வி அழுதாளா?"

"அவ எதுக்கு அழப்போறா? டியூட்டிக்குப் போயிருக்கா."

"அவகிட்டயும் சொல்லலையா நீ! அடப்பாவி!"

"அக்கா, கேளு. ஆபீசுல நன்றி சொல்லச் சொன்னாங்க. அதான் சொன்னேன்."

"ஒங்க ஆபீசுல என்னைய யாருக்குலே தெரியும்?"

நான் நோட்டைப் பற்றியும், விசாவுக்கு அவள் மாற்றி எழுதித் தர வேண்டியதைப் பற்றியும் விளக்கினேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு குரலை இறக்கிச் சொன்னாள்.

"அய்யா போறதுக்கு மொத நாளு, கட்டில்ல கெடந்தபடி என்னையக் கூப்புட்டு, 'ராக்கு, நீ எனக்கு எம்புட்டோ செஞ்சிட்ட தாயி'ன்னாரு. அதுக்கு முன்னாடி ஒருநாளாச்சும் அவரு வாயில அப்படி ஒரு சொல்லு வந்திருக்கா? விடிஞ்சா ஆளு இல்ல. நீயும் அதே கொரல்ல, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ன கதையெல்லாம் எடுத்து..." நிறுத்திக்கொண்டாள்.

  பேச்சை மாற்ற, "டாக்டர்ட்ட சர்டிபிகேட்டே வாங்கியிருக்கேன்க்கா, நல்லா இருக்கேன்னு" என்றேன்.

அக்கா உஷாரானாள். "என்ன சர்டிபிகேட்டு?"

"நான் நல்லா இருக்கேன்னு."

"ஏலே, நல்லா இருக்குறவன் எவனாச்சும் நல்லா இருக்கேன்னு சர்டிபிகேட் வாங்குவானா? மாரியூர்ல எவன் வாங்கியிருக்கான் சொல்லு, பாப்போம். என்னமோ இருக்கு, மறைக்கிற. சுத்திப் பாக்க வாரேன்னுதான எழுதிக் குடுக்கணும்? குடுத்துர்றேன். ஆனா நேர்ல பாத்தாத்தான் நம்புவேன்."

மூன்று மாத விசா வந்தது. இருபது நாளில் திரும்பியாக வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக நின்றதால், அதற்கேற்ற மாதிரி டிக்கெட் போட்டேன். களத்தைப் பாண்டியம்மாவிடம் ஒப்படைத்தாள். தமிழ் தவிர வேறு மொழி தெரியாதவள் இரண்டு விமானம் மாற வேண்டுமே என்று, நம்மவர்கள் எல்லோரும் செய்கிற உபாயத்தைச் செய்தேன்: டிக்கெட்டோடு வீல்சேர் உதவி கேட்டு எழுதிவிட்டேன். கூடை மீனைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடக்கூடியவள், நாலு விமான நிலையத்திலும் மகாராணி மாதிரி தள்ளப்பட்டு வந்தாள்.

பெர்கனில் கதவு திறந்தது. வீல்சேரில் அக்கா. மடியில் ஒரு மஞ்சள் பை. என்னைப் பார்த்த வேகத்தில் குதித்து இறங்கினாள். தள்ளி வந்தவர் திடுக்கிட்டு ஒதுங்கினார். பையிலிருந்து உத்தரகோசமங்கைத் திருநீற்றை அள்ளி என் நெற்றி நிறையப் பூசினாள். கண் இமையை இழுத்துப் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். கடைசியாக வயிற்றில் ஒரு குத்துக் குத்தினாள்.

"இது என்னலே, கட்டியா?"

"தொப்பைக்கா."

அவள் நம்பவில்லை. "ஒக்காரு இதுல. நீதான சீக்காளி" என்று என்னை வீல்சேரில் அமுக்கிவிட்டு, தானே தள்ள ஆரம்பித்தாள். பெர்கன் விமான நிலையத்தில் நெற்றி முழுக்கத் திருநீறோடு, அக்கா தள்ள, கார் நிறுத்தம் வரைக்கும் நான் போனேன். எதிரே வந்தவர்கள் இரக்கத்தோடு வழிவிட்டார்கள்.

காரில் ஏறிப் பத்து நிமிடம் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் ஒரு கையால் ஓட்டிக்கொண்டே ஒரு ஆப்பிளைத் தின்று முடித்தேன். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"ஏலே, ஒனக்கு நெசமாவே ஒண்ணும் இல்லையா?"

"இல்லக்கா."

சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்சநேரம் குலுங்கினாள். பிறகு தலைப்பை எடுத்தாள். இப்போது கோபம்.

"அப்ப நான் எதுக்குலே வந்தேன்?"

"சும்மாதாங்க்கா. ஊர் பாக்க."

"சும்மாவா?"

வெளியே மழை. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மதுரைக்குப் போனேன், அய்யாவுக்குக் கண்ணு ஆப்ரேசன். ராமேசுரம் போனேன், அய்யாவக் கரைக்க. ராமநாதபுரம் போனேன், ஒனக்குச் சோறு குடுக்க. சும்மான்னு நான் எங்கனயும் போனதே இல்லையேடா."

6

முதல் நாள் சாப்பாட்டு மேசையில் யாழினி வழக்கம்போல நன்றி சொன்னாள். அன்றைக்குச் சமைத்தது அத்தை என்பதால் தமிழிலேயே, "நன்றி அத்தை" என்றாள். அக்கா பதறிப்போய் என் பக்கம் சாய்ந்தாள். "இதுக்கும் ஒடம்புக்கு என்னமாச்சும் செய்யிதா?"

விளக்கிச் சொன்னோம். மூன்றாம் நாளிலிருந்து அத்தைக்குப் பழகிவிட்டது. நன்றி வரும்போது, "இருக்கட்டும் இருக்கட்டும், தட்டக் கழுவிட்டுப் போ" என்கிறாள். யாழினிக்கும் ஒன்று பழகியிருக்கிறது. பத்து வருடம் நான் வாங்கித் தந்த தமிழ்ப் புத்தகங்கள் செய்யாத வேலை அது. நேற்று என் அறைக் கதவைத் தட்டி, "ஏலே அப்பா, சோறு ஆறுது" என்றாள்.

இங்கே கருவாடு போட முடியாது என்று வந்த அன்றே ஒரு பார்வையில் சொல்லிவிட்டாள். "இந்த ஈரத்துல மீனு காயாது, முளைச்சிரும்." அப்புறம் அவளுக்கு வேலையே இல்லை. முதல் இரண்டு நாள் திணறினாள். துணியை மடித்தாள், மடித்ததைப் பிரித்து மடித்தாள். நாலாம் நாள் செல்வியின் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, வீட்டுக்கு எதிரே இருக்கும் பூங்காவில் போய் உட்கார்ந்தாள். "என்னக்கா பண்றே?" என்று கேட்டேன். "சும்மா இருக்கேன். போ" என்றாள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ஊஞ்சலில் இருக்கிறாள். யாழினி தள்ளுகிறாள், இவள் இன்னும் வேகமாகத் தள்ளச் சொல்லிச் சத்தம் போடுகிறாள். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு மனுஷி அவ்வளவு உயரம் போவாள் என்று நான் நினைக்கவில்லை.

என்னுடைய மஞ்சள் நோட்டு பாதியிலேயே நிற்கிறது. அவளுடைய புதிய அனுபவங்களுக்குத்தான் முப்பது பக்கம் போதாது.

இனி வருவதை ஊர்க்காரர்கள் யாராவது படித்தால் என் மானம் கப்பலேறும். இருந்தாலும் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வியாழக்கிழமை அக்காவுக்குத் திரும்பும் விமானம். பெட்டிகூட எடுத்து வைத்தாயிற்று. நான் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் போனில் வீடியோ, பாண்டியம்மா.

"தம்பி எப்படி இருக்கு ராக்கு? எந்திரிச்சு நடமாடுதா?"

அக்கா என்னைப் பார்த்தாள். சட்டென்று போனை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டாள்.

"படுலே."

"என்னக்கா?"

"சோபாவுல படு. வெரசா. போர்வைய இழுத்துக்க."

கையில் சோப்பு நுரையோடு போய் விழுந்தேன். யாழினி வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே கழுத்து வரைக்கும் போர்த்திவிட்டாள். அக்கா போனை என் பக்கம் திருப்பினாள்.

"இந்தா, பாத்துக்க. இப்பத்தான் ரெண்டு வாய் கஞ்சி எறங்குச்சு."

"ஆத்தி, மூஞ்சி தெளிவாத்தான இருக்கு?"

"தெளிவா? வீங்கிப் போயிருக்குடி. நல்லாப் பாரு."

அது என்னுடைய சாதாரண முகம்.

"அப்ப வெயாழக்கெழம நீ வரலையா?"

அக்கா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். மழை விட்டிருந்தது. ஊஞ்சலில் யாரும் இல்லை.

"எங்கிட்டு வர? இவன இப்படிப் போட்டுட்டா? தேற இன்னும் ஒரு மாசம் ஆகும் போல இருக்கு. ஒண்ணா ரெண்டான்னு இப்பச் சொல்ல முடியாது. களத்த நீயே பாத்துக்கிரு பாண்டி."

சொல்லிக்கொண்டே, போர்வைக்கு அடியில் கையை விட்டு என் கால் பெருவிரலைப் பிடித்து ஒரு கிள்ளுக் கிள்ளினாள்.

நான் இருமினேன். நன்றாகவே இருமினேன்.